நாற்பதுக்கு இரண்டு

கல்லூரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளையும் லண்டன் கிளையும் ரொறன்ரோக் கிளையும் தனித்தனியாகக் கண்டனக் கடிதம் அனுப்பும். கொக்குவில் பக்கத்தில், ரயில் பாதைக்குக் கிட்ட, உயர்ந்த மதிலுக்குள் இருந்த ஒரு கல்லூரி என்று சொன்னால் போதும். ரயில் பாதை என்றது பழக்கதோஷம். 1993இல் அங்கே ரயிலும் இல்லை, பாதையும் இல்லை. பதுங்கு குழிக்கு மூடி போடுவதற்காகச் சனம் தண்டவாளத்தையும் கட்டைகளையும் கழற்றிக்கொண்டு போய் நெடுநாளாகிவிட்டது.

அந்த வருடம் கல்லூரிக்கு ஒரு கண்டுபிடிப்பு தபாலில் வந்தது. கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிரதியெடுத்து அதிபருக்கு அனுப்பியிருந்தார். பிள்ளை வளரும் வீட்டின் சூழலும் படிக்கும் பள்ளிக்கூடமும் சேர்ந்துதான், அந்தப் பிள்ளை பிற்காலத்தில் எவ்வளவு காசு உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்று அதில் இருந்தது. புத்தகமும் மேசையும் வெளிச்சமும் அமைதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களானதும் கூடுதலாக உழைக்கிறார்களாம். இதற்குப் பதினாறு பக்கத்தில் அட்டவணை. தரைப்பாதை இல்லாத அந்த நாளில் கடிதம் கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்ததால் கடைசி இரண்டு பக்கமும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. "ஆகவே பாடசாலைகள் செய்யவேண்டியது" என்ற தலைப்பு மட்டும் தெரிந்தது. மிச்சத்தை அதிபர் தாமே யோசித்து முடித்துக்கொண்டார்.

அதிபர் சிவசுப்பிரமணியம் அன்றைக்கே ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார்.

"வீட்டிலை மேசை இருக்கிற பிள்ளை நாளைக்குக் கந்தோரிலை மேசைக்கு முன்னாலை இருக்கும். பாயிலை இருந்து படிக்கிற பிள்ளை நாளைக்கும் பாயிலைதான் இருக்கும். இது நான் சொல்லேல்லை, விஞ்ஞானம் சொல்லுது. அப்ப பாயிலை இருக்கிற பிள்ளைக்கு வகுப்பு வாங்கிலை ஒரு இடத்தைக் குடுத்து ஏன் வீணாக்கவேணும்? உழைக்கப்போற பிள்ளையளாப் பாத்து எடுப்பம். அதுகள் உழைச்சு எங்களுக்கு ஒரு மண்டபம் கட்டித் தருங்கள்."

மண்டபம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதில்தான் சிக்கல். தொண்ணூறாம் ஆண்டு கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கியபோது குருநகரிலிருந்து ஓடிவந்த ஒன்பது குடும்பங்கள் அதன் மேற்குப் பாதியில் இருந்தன. கிழக்குப் பாதியில் ஆறாம் வகுப்பு நடந்தது. நடுவில் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சாக்குக்கு இந்தப் பக்கம் கல்லூரி. அந்தப் பக்கம் அகதி முகாம், உதவி அரசாங்க அதிபரின் பொறுப்பு. இரண்டுக்கும் கூரை ஒன்று, ஒழுக்கும் ஒன்று.

ஆறாம் வகுப்பு அனுமதிக்குப் புதிய முறை வந்தது. பரீட்சைக்கு அறுபது புள்ளி, வீட்டுக்கு நாற்பது புள்ளி. வீட்டைப் பார்த்துப் புள்ளி போட 'இல்லச் சூழல் மதிப்பீட்டுக் குழு' அமைந்தது. அதிபர் தலைவர். ஆறாம் வகுப்பின் கணித ஆசிரியை குணலட்சுமி செயலாளர். மூன்றாவது ஆள் ஆழ்வாப்பிள்ளை. அவர் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். அவருக்குப் பிறகு நிலையமும் ஓய்வுபெற்றுவிட்டது. ஆனாலும் வெள்ளைக் காற்சட்டையை மடிப்புக் குலையாமல் போட்டு, ரயில் கட்டணப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வெளியே வருவார். பிள்ளையின் பிற்கால வருமானத்தைக் கணிக்கும் பொறுப்பு அவருக்கு. ஆய்வுக் கட்டுரையின் அட்டவணை அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே தமக்குத் தெரிந்த அட்டவணையைப் பயன்படுத்தினார். நாற்பது புள்ளி என்றால் பிள்ளை கோண்டாவிலில் ஏறிக் கொழும்புக் கோட்டை வரைக்கும் முதலாம் வகுப்பில் போகும். புள்ளி குறையக் குறைய வழியில் இறங்கவேண்டும். இறங்குகிற நிலையத்தைக் கண்டுபிடித்து, கட்டணத்தைத் தாம் மட்டும் அறிந்த ஓர் எண்ணால் பெருக்கினால், முப்பத்தைந்து வயதில் மாத வருமானம் வந்துவிடும்.

இந்த முறையை ஊர் முதலில் ஆச்சரியமாகப் பார்த்தது. பிறகு ஆயத்தமாகிவிட்டது. கலியாண வீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விடும் அருளம்பலம், ஒரு கிழமைக்குள் வீட்டுச் சூழலை வாடகைக்கு விடத் தொடங்கினார். ஒரு படிக்கும் மேசை, ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு கண்ணாடி அலுமாரி, தடித்த ஆங்கிலப் புத்தகம் பதினெட்டு, ஓர் உலக உருண்டை. எல்லாம் ஒரே மாட்டுவண்டியில் அடங்கும். குழு பார்த்து முடித்து முன்வாசலால் வெளியே போகும்போது வண்டி பின்வாசலால் அடுத்த வீட்டுக்குப் போகும். உலக உருண்டையில் ஆபிரிக்கா இருக்கவேண்டிய இடத்தில் யாரோ பென்சிலால் குத்திய ஓட்டை ஒன்று இருந்தது. இருபத்தாறு வீடுகளில் அந்த ஓட்டையைக் கண்ட குழு, இப்பகுதியில் விற்பனையாகும் உருண்டைகளில் ஆபிரிக்கா தரக்குறைவாக இருப்பதாகக் குறிப்பெழுதி, இருபத்தாறு வீட்டுக்கும் முழுப் புள்ளி கொடுத்தது.

மின்குமிழுக்கு ஐந்து புள்ளி. குடாநாட்டில் மூன்று வருடமாக மின்சாரம் இல்லை. எல்லா வீட்டிலும் ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு எரித்தார்கள், அதிபர் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் படிவத்தில் மின்குமிழ் என்றுதான் இருந்தது, மின்சாரம் என்று இல்லை. ஆகவே சனம் குமிழைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது. குழு அதை நிமிர்ந்து பார்த்து, சுத்தமாகத் துடைத்திருந்தால் ஐந்தும், தூசி இருந்தால் நாலும் கொடுத்தது.

இனி சிமியோனுக்கு வருவோம்.

சிமியோன் குருநகரில் மீன்பிடித்தவர். வள்ளமும் போய், கடலும் தடையாகிப்போன பிறகு, தினமும் உரும்பிராய்க்குச் சைக்கிளில் போய்த் தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் கிண்டினார். மண்டபத்தின் மேற்குப் பாதியில், சாக்குத் திரைக்கு ஒட்டின மூலை அவருடையது. மனைவி கத்தரீனா, மகள் யசிந்தா, ஒரு பெட்டி, இரண்டு பாய். யசிந்தாவுக்குப் பத்து வயது. கல்லூரியின் அனுமதிப் பரீட்சையில் அவள் அறுபதுக்கு ஐம்பத்தெட்டு எடுத்திருந்தாள். எழுதிய நூற்றுப் பன்னிரண்டு பேரில் அவள்தான் முதல்.

இந்தச் செய்தி அவருக்குத் தபாலில் வந்தது. அதிபரின் அறையிலிருந்து சிமியோனின் பாய்க்கு நாற்பது அடி. ஆனால் கடிதம் தபாலில் போகவேண்டும் என்பது விதி. அது கொக்குவில் தபால் கந்தோருக்குப் போய், முத்திரை குத்தப்பட்டு, மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. வரும் புதன்கிழமை பத்து மணிக்குக் குழு வீட்டைப் பார்க்க வருகிறது என்றும் அதில் இருந்தது.

சிமியோன் கடிதத்தை இரண்டு தரம் மகளைக்கொண்டு வாசிப்பித்தார்.

"எந்த வீட்டைப் பாக்க வருகினம்?" என்று கேட்டார். "குருநகரிலை இருந்ததையோ? அங்கை ஒரு சுவர்தானே நிக்குது."

"இதைத்தான்," என்றாள் கத்தரீனா.

"இது அவையின்ரை மண்டபமெல்லோ?"

"வந்து பாக்கட்டும். தங்கடை மண்டபத்தை அவையும் ஒருக்காப் பாக்கத்தானே வேணும்."

அருளம்பலம் வந்து, அகதிகளுக்கு அரைவாசி வாடகை என்று இரக்கப்பட்டார். கத்தரீனா அலுமாரியின் அளவைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அதை வைச்சா நாங்கள் மூண்டு பேரும் அதுக்குள்ளைதான் படுக்கவேணும். எங்கடை பிள்ளை அம்பத்தெட்டு எடுத்தது உம்மடை உருண்டையைப் பாத்தில்லை. கொண்டுபோம்," என்று அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்குக் குழு புறப்பட்டது. மூன்று பேரும் முன்வாசல் கேற்றால் சைக்கிளில் வெளியேறி, வீதியில் இடதுபுறமாகத் திரும்பி, கோயிலைச் சுற்றி, பின்ஒழுங்கையால் வந்து, முகாமின் தகரப் படலையைத் தட்டினார்கள். குழு வீட்டு வாசலால்தான் பிரவேசிக்கவேண்டும் என்பது மூன்றாம் விதி. சாக்கை விலத்திக்கொண்டு வந்திருந்தால் மூன்று அடி. அது தங்கள் மண்டபம் என்பது மூவருக்கும் தெரியும். ஆனால் படிவத்தில் அதை எழுத இடம் விட்டிருக்கவில்லை.

அதிபர் நின்றபடியே தொடங்கினார். இருக்கச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

"படிக்கும் மேசை?"

யசிந்தா ஒரு வாங்கைக் காட்டினாள். கால் உடைந்து கல் முட்டுக்கொடுத்த வாங்கு. அதன் முதுகில் வெள்ளை எழுத்தில், கோலாலம்பூரில் இருந்த ஒரு பழைய மாணவரின் அன்பளிப்பு, 1931 என்று எழுதியிருந்தது.

"இது கல்லூரிச் சொத்து. வீட்டுத் தளபாடமாக் கணக்கெடுக்கேலாது. பூச்சியம்."

"மின்குமிழ்?"

"கரண்ட் இல்லையே ஐயா," என்றார் சிமியோன்.

"கரண்ட் இருக்கோ எண்டு நான் கேக்கேல்லை. பூச்சியம். கூரை?"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஓடு உடைந்த இடத்தால் வானம் தெரிந்தது. முந்தின நாள் பெய்த மழை ஒரு சட்டிக்குள் நிரம்பியிருந்தது. குணலட்சுமி எழுதினார். பூச்சியம்.

அடுத்தது மணம். குணலட்சுமி மூக்கைச் சுளித்து, "மீன் மணக்குது," என்றார்.

"அது வெங்காயம் ரீச்சர்," என்றார் சிமியோன். "மீனைக் கண்டு மூண்டு வருசம்."

ஆழ்வாப்பிள்ளை ஆழமாக இழுத்துப் பார்த்து, வெங்காயம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் படிவத்தில் மீனுக்குத்தான் நிரல் இருந்தது, வெங்காயத்துக்கு இல்லை. ஆகவே மீன் என்றே பதியப்பட்டது.

"தாய் தகப்பன் பிள்ளையோடை ஒரு நாளைக்கு எத்தினை சொல் கதைக்கிறியள்?"

சிமியோன் வலையில் விழுந்த மீனை எண்ணியிருக்கிறார், வாயிலிருந்து விழுந்த சொல்லை எண்ணினதில்லை. "எண்ணேல்லை ஐயா," என்றார்.

"ஏசிறதும் சேத்தியோ?" என்று கத்தரீனா கேட்டாள். "சேத்தியெண்டால் என்ரை பக்கத்திலை ஒரு ஆயிரம் போடலாம்."

அது பயனுள்ள சொல்லில் அடங்காது என்று அதிபர் தீர்ப்பளித்தார்.

இவ்வளவுக்கும் சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே கூச்சல். ஆறாம் வகுப்புக்கு அது கணித பாடம். ஆசிரியை சிமியோன் வீட்டில் நின்று படிவம் நிரப்பிக்கொண்டிருந்ததால், பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அமைதி," என்று அடுத்ததை வாசித்தார் அதிபர். "வெளிச் சத்தம் வீட்டுக்குள்ளை வருதோ?"

குணலட்சுமி சாக்கைப் பார்த்துத் திரும்பி, "பிள்ளையள், வாயை மூடிக்கொண்டு இருங்கோ. வந்தனெண்டால் தெரியும்," என்று கத்தினார். பிறகு திரும்பி, அமைதிக்குப் பூச்சியம் போட்டார். குறிப்பு என்ற இடத்தில், 'அயலில் பொறுப்பற்றவர்கள் வசிக்கிறார்கள்' என்று எழுதினார்.

தாயும் தகப்பனும் உயிரோடிருப்பதற்கு நாலு புள்ளி இருந்தது. அது கிடைத்தது. சிமியோன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இதாவது கிடைத்ததே என்று அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

கடைசிக் கேள்வியை ஆழ்வாப்பிள்ளை பிள்ளையிடமே கேட்டார். "வீட்டிலை ஆர் பிள்ளை உமக்குப் படிப்பிக்கிறது?"

"குணலட்சுமி ரீச்சர்," என்றாள் யசிந்தா.

குணலட்சுமியின் பேனை நின்றது. "நானோ? நான் உன்னை இண்டைக்குத்தானே காணுறன்."

"நான் உங்களைக் காணேல்லை ரீச்சர், கேட்டனான். ரண்டு வருசமா. நீங்கள் அங்காலை சொல்ல நான் இங்காலை செய்வன். பின்னம் ரண்டாம் தரம் சொல்லேக்கைதான் எனக்கு விளங்கினது."

இரண்டு வருடமாகத் தமது பாடத்தை ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கிறது என்பது குணலட்சுமிக்குப் புதுச் செய்தி. அதிபருக்கு முகம் கறுத்தது.

"பதிவில்லாத பிள்ளை கல்லூரிப் பாடத்தைக் கேட்டிருக்கு. அதுவும் ரண்டு வருசம். இது ஒழுங்குப் பிரச்சினை. ரண்டைக் குறையுங்கோ."

இப்படியாக யசிந்தாவின் வீடு நாற்பதுக்கு இரண்டு எடுத்தது. ஆழ்வாப்பிள்ளை கட்டணப் புத்தகத்தைத் திறந்து, விரலால் தடவி, "ரண்டு புள்ளிக்குக் கொக்குவிலோடை இறங்கவேணும்," என்று கவலையோடு சொன்னார். கோண்டாவிலுக்கு அடுத்த நிலையம் கொக்குவில். பெருக்கிப் பார்த்ததில், முப்பத்தைந்து வயதில் மாத வருமானம் அறுநூற்று நாற்பது ரூபாய் என்று வந்தது. அது சிமியோன் வெங்காயம் கிண்டி ஒரு கிழமையில் உழைக்கிற காசு.

மூன்று நாளில் புள்ளித்தாள் தபாலில் வந்தது. பரீட்சை 58. இல்லச் சூழல் 2. மொத்தம் 60. வெட்டுப்புள்ளி 65. எதிர்கால மாத வருமானம் ரூபாய் 640. முடிவு: 'இவ்விடத்தின் சூழல் கல்வி கற்பதற்கு எவ்வகையிலும் உகந்ததல்ல. அனுமதி மறுக்கப்படுகிறது.' கீழே மூன்று கையெழுத்து, அவற்றுக்கு மேல் கல்லூரியின் ஊதா நிற முத்திரை. பரீட்சையில் முப்பத்தொன்று எடுத்த ஒரு பையன், உருண்டையின் உதவியோடு வீட்டில் முப்பத்தொன்பது எடுத்துத் தேறியிருந்தான். அவன் யாருடைய பேரன் என்று நான் எழுதினால் மூன்று கிளையோடு நாலாவதாக ஒரு வழக்கறிஞரும் கடிதம் எழுதுவார்.

யசிந்தா அழவில்லை. தாளை வாசித்தாள், மடித்தாள், தகப்பனிடம் கொடுத்தாள். அன்று காலை சாக்குக்கு அந்தப் பக்கம் பாடம் தொடங்கியபோது, அவள் வாங்கை இழுத்துக்கொண்டு மண்டபத்தின் மறு மூலைக்குப் போய்விட்டாள். பதிவில்லாமல் கேட்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியாகிவிட்டதே. சிமியோன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருடமாக வீட்டை விட்டார், வள்ளத்தை விட்டார், கடலை விட்டார். எதற்கும் அவருக்குக் கோபம் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. தோட்டத்துக்குப் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை, தெரிவான பிள்ளைகளின் பெற்றோருக்குக் கூட்டம். இடம், அதே மண்டபத்தின் கிழக்குப் பாதி. எண்பது பேர் வெள்ளை உடுப்போடு வந்து வாங்குகளில் இருந்தார்கள். அதிபர் மேடைத் தமிழில் பேசினார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே. உங்கள் இல்லங்கள் சிறந்தவை. ஆகவே உங்கள் பிள்ளைகள் சிறந்தவர்கள். ஆகவே எங்கள் கல்லூரி சிறந்தது. சிலர் கேட்கிறார்கள், வீட்டில் வசதியில்லாத பிள்ளைக்குத்தானே பள்ளிக்கூடம் அதிகம் தேவை என்று. இது தவறான சிந்தனை. வைத்தியசாலை வேண்டுமானால் நோயாளியைத் தேடட்டும். நாங்கள் ஏற்கெனவே சுகமாயிருப்பவர்களை அனுமதித்து, அவர்கள் சுகமாயிருப்பதற்கு எங்களைக் காரணமாக்குகிறோம். பிள்ளை முன்னேறினால் அது கல்லூரியின் பெருமை. முன்னேறாவிட்டால் அது வீட்டின் குறை. நூறு ஆண்டுகளாக இந்தக் கொள்கையிலிருந்து நாங்கள் விலகியதில்லை."

கைதட்டினார்கள். தட்டி முடிந்ததும் சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஐயா, ஒரு சின்னக் கேள்வி."

"ஆர் அது?"

"நான் சிமியோன். பக்கத்து வீடு."

"இது பெற்றார் கூட்டம். அழைப்பில்லாதவை கதைக்கேலாது."

"நான் வரேல்லை ஐயா. என்ரை வீட்டுக்குள்ளை நிண்டுதான் கதைக்கிறன். உங்கடை தாளை வாசிக்கிறன், பிழையெண்டால் திருத்துங்கோ. கூரைக்குப் பூச்சியம். வெளிச்சத்துக்குப் பூச்சியம். அமைதிக்குப் பூச்சியம். 'இவ்விடத்தின் சூழல் கல்வி கற்பதற்கு எவ்வகையிலும் உகந்ததல்ல.' மூண்டு பேர் கையெழுத்து வைச்சிருக்கிறியள். முத்திரையும் இருக்கு. தை மாசத்திலிருந்து இந்தப் பிள்ளையளும் இதுக்குள்ளை இருந்துதானே படிக்கப்போகினம்? அவையின்ரை கதி என்ன எண்டு கேக்கத்தான்."

வாங்குகளில் ஒரு சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த பத்மாவதி என்ற அம்மா மெல்ல நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். ஓடு உடைந்த இடம் திரையோடு நின்றுவிடவில்லை.

"அது மேற்குப் பாதி," என்றார் அதிபர். மேடைத் தமிழ் போய்விட்டது. "அது வீடு. இது பள்ளிக்கூடம். ரண்டும் வேறை."

அப்போது கத்தரீனா கயிற்றை அவிழ்த்துவிட்டாள். சாக்குத் திரை மொத்தமாகக் கீழே விழுந்து, மூன்று வருடத் தூசி கிளம்பியது. தூசி அடங்கியதும் இரண்டு பக்கத்துச் சனமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரே நீளச் சுவர், ஒரே வரிசை யன்னல், ஒரே நிலம். திரை நின்ற இடத்தில் ஒரு கோடுகூட இல்லை.

"எந்த இடத்திலை ரண்டு முடிஞ்சு நாப்பது தொடங்குது எண்டு காட்டுங்கோ," என்றாள் கத்தரீனா. "நான் அதிலையிருந்து தள்ளிப் பாயைப் போடுறன்."

அதிபர் வாய் திறப்பதற்குள் ஆழ்வாப்பிள்ளை எழுந்துவிட்டார். முப்பத்து நாலு வருடம் நிலைய அதிபராக இருந்தவர். ஒழுங்கென்றால் அவருக்கு உயிர்.

"இது சிக்கலான விசயம்தான்," என்றார். "ஒரு ஸ்ரேசனுக்கு ரண்டு கட்டணம் போடேலாது. பிளாட்போமின்ரை இந்த முனையிலை இறங்கினாலும் அந்த முனையிலை இறங்கினாலும் காசு ஒண்டுதான். இந்தக் கட்டிடத்துக்கு நாங்கள் ரண்டு எண்டு பதிஞ்சிட்டம். அப்ப இதுக்குள்ளை ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் இருக்கிற பிள்ளை..." அவர் கட்டணப் புத்தகத்தைப் புரட்டினார். "எல்லாரும் கொக்குவிலோடை இறங்கவேண்டியதுதான். ஆளுக்கு அறுநூற்றி நாப்பது."

"அண்ணை, இருங்கோ," என்று அதிபர் பல்லைக் கடித்தார்.

"கணக்குப் பிழையெண்டால் சொல்லுங்கோ, இருக்கிறன்."

கணக்குப் பிழையென்றால் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் கணக்கும் பிழை. சரியென்றால் கல்லூரி பிழை. அதிபர் இரண்டையும் யோசித்துக்கொண்டு நின்றார். அதற்குள் பெற்றோர் பேசத் தொடங்கினார்கள். மாட்டுவண்டிக்கு வாடகை கொடுத்து, குமிழைத் துடைத்து, உருண்டையில் ஆபிரிக்கா தெரியாமல் திருப்பி வைத்து, இவ்வளவும் செய்தது பிள்ளையை நாற்பதுக்கு இரண்டு எடுத்த இடத்தில் கொண்டுவந்து இருத்தவா என்று பத்மாவதி கேட்டார். ஓட்டை உருண்டையை வாடகைக்கு எடுத்ததைக் கூட்டத்தின் நடுவில் தாமே சொல்லிவிட்டோம் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. "உங்கடை வீட்டிலையும் அதே உருண்டையோ?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அதன் பிறகு யாருடைய பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை.

குழு அதிபரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அரை மணித்தியாலத்தில் சிமியோனுக்கு அழைப்பு வந்தது. இந்த முறை தபாலில் வரவில்லை, குணலட்சுமியே நடந்து வந்து கூப்பிட்டார். சிமியோன் மகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

"இருமன்," என்றார் அதிபர். கதிரை இருந்தது, சிமியோன் இருக்கவில்லை. "உம்மடை மகளின்ரை விசயத்தை நாங்கள் விசேட கருணை அடிப்படையிலை பரிசீலிச்சம். ஒரு இடம் தரலாம். ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் புள்ளித்தாளைத் திருப்பித் தாரும்."

சிமியோன் மகளைப் பார்த்தார். அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தாளை நீட்டினால் இப்போதே கிடைத்துவிடும். கை சட்டைப் பைக்குப் போனது. அதற்குள் யசிந்தா சொன்னாள்.

"கருணை எண்டு போட்டால் எத்தினையாம் ஆளாப் பேர் வரும் சேர்?"

"கடைசியா."

"நான் முதலாம் பிள்ளையெல்லோ."

சிமியோனின் கை பையிலிருந்து வெறுங்கையாக வந்தது. "கருணை வேண்டாம் ஐயா," என்றார். "அவளுக்கு அம்பத்தெட்டு காணும். பரீட்சைப் புள்ளிப்படி பேரைப் போடுங்கோ. இல்லாட்டி நான் தாளோடை திரும்ப மண்டபத்துக்குப் போறன். அவை இன்னும் போகேல்லை. கேட்டுக்கொண்டுதான் நிக்கினம்."

குணலட்சுமி பேனையைத் திறந்தார். அதிபர் சொல்வதற்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்தார் என்று பிறகு ஆழ்வாப்பிள்ளை சொன்னார். அன்று பின்னேரம் புதுப் பட்டியல் ஒட்டப்பட்டது. இல்லச் சூழல் நிரல் 'தவிர்க்கமுடியாத காரணங்களால்' நீக்கப்பட்டிருந்தது. முதலாவது பெயர், சிமியோன் யசிந்தா. முப்பத்தொன்று எடுத்த பையனின் பெயரைக் காணவில்லை.

"சரி, இனி அந்தத் தாள் செல்லாது," என்றார் அதிபர். "அதைத் தாரும்."

"செல்லாட்டி உங்களுக்கு என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டுவிட்டு, சிமியோன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தை மாதம் யசிந்தா கல்லூரிக்குப் போனாள். மூன்று அடி நடந்து போனாள். திரையை மீண்டும் கட்டியிருந்தார்கள், ஆனால் அவள் அதை விலத்திக்கொண்டு போக யாரும் தடுக்கவில்லை.

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் 1995 ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழுந்து நடந்தது. வீடு, மதில், கல்லூரி, அருளம்பலத்தின் அலுமாரி எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சனம் செம்மணி தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில், ஓர் அறைக்குப் பதினைந்து குடும்பம் இருந்தது. சிமியோன் குடும்பத்துக்கு இதில் அனுபவம் இருந்ததால் ஒழுகாத மூலையைக் கண்டுபிடித்து வந்த அன்று காலையே பாயை விரித்துவிட்டார்கள். எதிர்மூலையில், மழைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், ஓர் அரிசிச் சாக்கின்மேல் அதிபர் சிவசுப்பிரமணியம் இருந்தார். சவரம் செய்யாத முகம். மடியில் ஒரு பை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிமியோன் போய், இங்கே சொட்டாது என்று சொல்லி, அவரைக் கையில் பிடித்துத் தங்கள் பக்கம் கூட்டிவந்து இருத்தினார். கத்தரீனா வெறுந்தேத்தண்ணி கொடுத்தாள். அதிபர் குடித்தார். யசிந்தா சுவரில் சாய்ந்து, முழங்காலில் கொப்பியை வைத்து ஏதோ கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அதிபர் அவளைக் கனநேரம் பார்த்தார்.

"மேசை இல்லாமல்..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "அந்தத் தாளை எரிச்சுப் போட்டிருப்பியள் எண்டு நினைக்கிறன்."

மாற்றுடையில்லாமல், பானையில்லாமல் ஓடிவந்த சனத்தில் எல்லோரிடமும் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கூப்பன் அட்டை. சிமியோன் தன் பையை அவிழ்த்து, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்துக் காட்டினார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. ஊதா முத்திரை மட்டும் மங்காமல் இருந்தது.

"இதையேன் ஐயா எரிக்கிறது? இது பிள்ளையின்ரை சாமான். முப்பத்தைஞ்சு வயதிலை மாசம் அறுநூற்றி நாப்பது எண்டு போட்டிருக்கிறியள். அந்த வயது வரட்டும். அந்த மாசச் சம்பளத்தை அவள் இதுக்குக் கீழை தன்ரை கையாலை எழுதுவாள். ரண்டையும் கொண்டுவந்து உங்களிட்டைக் காட்டுவம்."

அதிபர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். இருபத்து மூன்று வருடம் வந்தது.

"நான் அதுவரைக்கும் இருப்பனோ, சிமியோன்?"

"இருக்கத்தான் வேணும்," என்றார் சிமியோன். தாளை அதே மடிப்பில் மடித்துப் பைக்குள் வைத்தார். "கையெழுத்து வைச்ச ஆள் நீங்கள். நனையாமல் இஞ்சாலை தள்ளி இருங்கோ."